கலைக்களஞ்சியக் கட்டுரையும் தரச் சோதனையும்: டிம்பனி முரசை முன்வைத்து

அறிவை ஓரிடத்தில் தொகுத்து வைக்கும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை 'கலைக்களஞ்சிய'த்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. இணையவழிக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கி, 2003இல் தமிழுக்கும் வந்தது. தூரன் காலத்தில் வல்லுநர் எழுதினார். ஆசிரியர் குழு சரிபார்த்தது. இணையக் களஞ்சியத்திலோ எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். ஆகவே சரிபார்க்கும் கடமையில் ஒரு பங்கு வாசகரையும் சேர்கிறது.

இக்கடமை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார மாணவர்களுக்கு அயலானதன்று. சிப்காட் தொழிற்பேட்டையில் உருவாகும் எந்திர உறுப்பு, வரைபடத்தோடு ஒப்பிட்டு அளக்கப்பட்ட பின்னரே வெளியே செல்கிறது. பளபளப்பைக் கண்டு எந்தச் சோதனையாளரும் அதனை ஏற்பதில்லை. கட்டுரைக்கும் அதே முறை பொருந்தும். மேலைநாட்டுச் சேர்ந்திசைக் குழுவில் ஒலிக்கும் டிம்பனி என்னும் முரசைப் பற்றிய கட்டுரை ஒன்று நம் கைக்கு வந்தால், அதனை எவ்வாறு எடைபோடுவது என்று காண்போம்.

முதற் சோதனை: வரையறை

டிம்பனி, கிண்ண வடிவான செம்புக் கலத்தின் வாயில் தோல் போர்த்திய ஒருமுக முரசு. குறிப்பிட்ட சுருதிக்கு அதனைச் சேர்க்க முடியும் என்பதே அதன் தனிச்சிறப்பு. அதே குழுவில் ஒலிக்கும் பேஸ் டிரம்முக்கு அப்பண்பு இல்லை. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் இரண்டையும் 'பெரிய முரசு' என்று கூறி நகரும் கட்டுரை, தொடக்கத்திலேயே தவறுகிறது.

இரண்டாம் சோதனை: வரலாறும் சான்றும்

நம் எல்லைப் பகுதியில் தமிழர் நகரா என்பதைக் கன்னடர் நகாரி என்பர். தெலுங்கர் நகாரா என்பர். உருது பேசுவோர் நக்காரா என்பர். அனைத்திற்கும் மூலம் அரபுச் சொல்லே. சிலுவைப் போர்க் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், சிறு நகராக்கள் ஐரோப்பாவை அடைந்தன. பழைய பிரெஞ்சுச் சொல்லும், ஆங்கிலத்தின் 'நேக்கர்' என்னும் பழஞ்சொல்லும் அதே அரபு வேரினின்று பிறந்தவை. குதிரைமேல் வைத்து முழக்கிய பெருமுரசுகள் 15ஆம் நூற்றாண்டில், துருக்கியப் படைகளின் வழியே பரவின. அக்பரின் நக்காரகானாவில் ஏறத்தாழ இருபது இணை நகராக்கள் இருந்தன என்று அபுல் பசல் 'அயினி அக்பரி'யில் குறித்துள்ளார். இவ்வரலாற்றை விட்டுவிட்டு, ஐரோப்பாவிலேயே கதையைத் தொடங்கும் கட்டுரை குறையுடையது.

ஆயினும், நமக்கு இனிக்கும் கூற்றையே கடுமையாகச் சோதிக்க வேண்டும். தகடூரை வென்ற சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை, முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குக் கவரி வீசிய செய்தியைப் புறநானூறு தருகிறது. அத்தகடூரே இன்றைய தருமபுரி. நம் கிருஷ்ணகிரியும் 2004 வரை அம்மாவட்டத்தின் பகுதியே. திருவாரூர்க் கோயிலில் உலோகக் கலத்தால் ஆன ஐம்முகக் குடமுழா உள்ளது. இவற்றைக் காட்டித் 'தமிழர் முரசே டிம்பனியாயிற்று' என்று ஒருவர் எழுதிச் சேர்க்கலாம். உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. நகராவுக்குச் சொல்வழியும் வரலாற்று வழியும் சான்றுகள் உள்ளன. குடமுழாவுக்கு அத்தகைய தொடர்பு காட்டப்படவில்லை. பெருமிதத்தால் ஒரு வரியை ஏற்பதும், வெறுப்பால் ஒரு வரியை நீக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மூன்றாம் சோதனை: அறிவியல்

வட்டத் தோலைத் தட்டினால் எழும் பல அதிர்வுகள் இயல்பில் ஒன்றோடொன்று இசைவதில்லை. டிம்பனியில் தோலோடு சேர்ந்து அசையும் காற்றின் சுமை, முதன்மையான அதிர்வுகளை ஏறத்தாழ 2:3:4 என்ற விகிதத்திற்குக் கொணர்கிறது. விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே, விளிம்பை ஒட்டித் தட்டுவதால் அவ்வதிர்வுகள் மேலோங்குகின்றன. ஆகவே 'செம்புக் கலமே சுருதியைத் தருகிறது' என்பது அரை உண்மை. நம் மிருதங்கம் அதே இசைவை வேறு வழியில், தோலில் இடும் கருஞ்சாந்தின் சுமையால் அடைகிறது. இதனைச் சர் சி. வி. இராமன் 1920இலும் 1934இலும் ஆராய்ந்து வெளியிட்டார். தோலின் இழுவிசையை நான்கு மடங்காக்கினால் சுருதி இரு மடங்காகும் என்பது கோட்பாடு. திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கி வந்த வேலையை, 1881இல் டிரெஸ்டன் நகரின் பிட்ரிக் காப்புரிமை பெற்ற மிதி பொறி எளிதாக்கியது.

நான்காம் சோதனை: நிறைவு

கருவியைச் சொல்லி அதன் இசையைச் சொல்லாவிடில் கட்டுரை முற்றுப்பெறாது. 1824இல் அரங்கேறிய பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் டிம்பனி தனித்து முழங்குகிறது. பெர்லியோசு 1830இல் இயற்றிய சிம்பொனியில் தொலைதூர இடியொலிக்காக நான்கு டிம்பனிக் கலைஞர்களை அமர்த்தினார். இத்தகைய எடுத்துக்காட்டுகள் உண்டா, அவற்றுக்கு நூற்சான்று காட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். சான்று காட்டியிருந்தால் அந்நூலை எடுத்து, கூறப்பட்ட செய்தி அதில் உண்மையிலேயே உள்ளதா என்றும் காண வேண்டும். அடிக்குறிப்பு எண் இருப்பதனாலேயே ஒரு வரி மெய்யாகிவிடாது.

சோதனையில் தவறிய உறுப்பைத் தொழிற்சாலை உடனே எறிந்துவிடுவதில்லை. சீர்செய்ய இயலுமாயின் சீர்செய்கிறது. குறையுள்ள கட்டுரையும் அத்தகையதே. தமிழில் இசைக்கருவிகள் பற்றிய கட்டுரைகளைச் சான்றுடன் திருத்தும் வாய்ப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் இம்மண்ணின் மாணவர், நகராவின் பயணத்தை நான்கு மொழி நூல்களிலும் தேடிச் சரிபார்க்க வல்லவர். பிறர் எழுதியதைப் படியெடுத்து ஒப்படைப்பதைக் காட்டிலும், ஒரு வரியைச் சோதித்துத் திருத்துவதே மேலான கல்வி. நாளை அக்கட்டுரையைப் படிப்பவர் நம் இல்லத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.