ஐந்தாம் வகுப்போடு பசி தீருமோ?

வெறும் வயிற்றோடு வந்திருக்கும் குழந்தைக்கு வாய்ப்பாடு கற்பிப்பது வீண் பிரயாசை என்பதை ஆரம்பப் பாடசாலை உபாத்தியாயர் ஒவ்வொருவரும் அறிவர். காலை மணி பத்தாகும்போதே கண் இருளுகிறது, எழுத்து மங்குகிறது, தலை பலகைமேற் சாய்கிறது. அக்குழந்தையை மந்தபுத்தியென்று ஏசுகிறோம். மந்தம் புத்தியிலன்று, அடுப்பு மூட்டாத வீட்டில் இருக்கிறது.

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் விமானப்படை நிலையம். சிறிது தூரத்தில் யுத்த டாங்கிகள் செய்யும் பெரிய தொழிற்சாலை. அப்பால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. தேசத்தின் பலத்திற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் இப்பிரதேசத்தில் இருக்கின்றன. ஆனால், கூலிவேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியுமுன் புறப்படும் தாய் தந்தையர் இங்கே மிகுதி. அவர்கள் பிள்ளைகள் காலையில் என்ன உண்டு பாடசாலைக்கு வருகிறார்கள்? தேசத்தின் பலத்தைக் கணக்கிடுவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவேயாகும்.

இக்கேள்விக்குத் தமிழ்நாடு ஒரு விடையளித்திருக்கிறது. 2022-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் முதலமைச்சர் ஸ்ரீ மு. க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் 1,545 சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள். சுமார் 1,14,000 குழந்தைகள். 2023 ஆகஸ்டில் 31,008 பாடசாலைகளுக்கு அது விரிந்தது. 2024 ஜூலை 15-ந் தேதி, காமராஜர் பிறந்த நாளன்று, கிராமப்புறங்களிலுள்ள உதவிபெறும் பாடசாலைகளுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. அந்த வைபவம் முத்தாபுதுப்பேட்டை இருக்கும் திருவள்ளூர் ஜில்லாவிலேயே, கீழச்சேரியில் நடந்தது. 2025 ஆகஸ்டில் நகரங்களிலுள்ள உதவிபெறும் பாடசாலைகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் என்று நாளுக்கொரு வகை. ஒரு குழந்தைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம். பருப்பு 15 கிராம். ஆரம்பத்தில் தலைக்கு நாளொன்றுக்குக் கணக்கிட்ட செலவு 12 ரூபாய் 75 காசு. கட்சி எதுவாயினும் நற்செயலை நற்செயலென்று சொல்வதே நேர்மை.

ஆனால் ஒரு குறை உண்டு. இத்திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையில் பயில்வோருக்கென்றே வகுக்கப்பட்டது. 2025-ம் வருஷ விஸ்தரிப்பிலும் பாடசாலைகளின் தொகை பெருகிற்றேயன்றி இந்த எல்லை நகரவில்லை. நடுநிலைப் பாடசாலைகளில் ஒன்று முதல் எட்டு வரை ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. ஐந்தாம் வகுப்புத் தம்பி தட்டேந்தி அமர, ஆறாம் வகுப்பு அக்காள் தூர நின்று பார்க்கவேண்டும் என்பது எந்த நியாயம்? வகுப்பு ஏறினால் பசி இறங்கிவிடுமோ? பத்துப் பதினொரு வயதில்தான் உடல் விரைந்து வளர்கிறது. பெண் குழந்தைகளுக்கு இரத்தசோகை நேரும் பருவமும் அதுவே.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1982 ஜூலையில் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது அதுவும் சிறு வயதினருக்கே உரியதாயிருந்தது. 1984-ல் பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் நீட்டப்பட்டது. மதிய உணவுக்கு இரண்டே வருஷத்தில் கைகூடிய காரியம் காலை உணவுக்கு மட்டும் கூடாதென்பானேன்?

பணமில்லை என்பார்கள். பழைய பல்லவி இது! 1920-ம் வருஷம் ஸ்ரீ பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பாடசாலையில் தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பாடசாலைகளில் அது பரவிற்று. இந்த ஐந்திலும் 1922–23-ல் 811 ஆயிருந்த பிள்ளைகள் 1924–25-ல் 1,671 ஆனார்கள். கல்வி நிதியை உணவுக்குச் செலவிடலாகாதென்று பிரிட்டிஷ் ஆட்சி தடுக்கவே, 1925 ஏப்ரலில் அது நின்றது. இங்கிலாந்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கலாமென்று 1906-லேயே சட்டமியற்றியதும் அதே ஆட்சிதான். தம் பிள்ளைக்குச் சட்டம்; நம் பிள்ளைக்குச் சாக்கு. அந்நியர் சொன்ன சாக்கை நம்மவர் சொல்லலாமா?

1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே தேசத்தின் லட்சியமென்று தீர்மானித்தது. மறு வருஷம் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். தீர்மானம் காகிதத்தில் நில்லாமல் குழந்தையின் இலையில் சோறாக விழுந்தது. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை பாடசாலையில் காலை உணவும் வேண்டுமென்று சொல்கிறது. எழுதினால் மட்டும் போதாது. மத்திய சர்க்கார் அதற்குப் பங்கும் தரவேண்டும்.

மற்றொரு விஷயம் நமக்குத் தலைகுனிவைத் தருவது. கிராமங்களில் இவ்வுணவைச் சமைப்போர் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த சகோதரிகள். 2023 செப்டம்பரில், எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டியில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்ததால் குழந்தைகள் உண்ணவில்லை என்ற செய்தி எழுந்தது. பார்லிமெண்டு அங்கத்தினர் ஸ்ரீமதி கனிமொழியும் மந்திரி ஸ்ரீமதி கீதா ஜீவனும் அங்கு சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்டனர். காமராஜர் விளக்கேற்றிய ஊரின் பக்கத்திலேயே இந்த இருளா? குழந்தை தானாக ஜாதி பார்ப்பதில்லை. பெரியவர்களே பார்க்கப் பழக்குகிறார்கள். சமைத்தவள் கையை விலக்குகிறவன் தன் குழந்தையின் வாயையே கட்டுகிறான்.

ஆகவே தேச ஊழியர்களுக்கு நாம் சொல்வது இது. மேடைப் பேச்சை ஒரு நாள் ஒத்திவைத்து, காலையில் உங்கள் ஊர்ப் பாடசாலைக்குச் செல்லுங்கள். உணவு வேளைக்கு வருகிறதா, பருப்பு அளவாக விழுகிறதா, சமைக்கும் தாய்க்கு ஊதியம் காலத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு தட்டு வாங்கிக் குழந்தைகளோடு தரையிலமர்ந்து உண்ணுங்கள். எட்டாம் வகுப்பு வரையில் காலை உணவு வேண்டுமென்று ஊர் ஊராகத் தீர்மானம் நிறைவேற்றி, அதைச் சட்டசபை அங்கத்தினரிடம் சேர்ப்பியுங்கள்.

ஓரணாவுக்குத் தடை விதித்த ஆட்சி ஒழிந்தது. அது போட்டதைப்போன்ற எல்லைக்கோட்டை ஐந்தாம் வகுப்பின் வாசலில் நாமே போட்டுக்கொள்ளலாகாது.