தோட்டக்காரர் போட்ட தபால்

ஆர்க்கிட் பூக்களைப் பற்றிய சார்லஸ் டார்வினின் புத்தகம் 1862 மே மாதம் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம். எழுதியவர் ஜான் ஸ்காட், எடின்பரோ தாவரவியல் பூங்காவில் தோட்டவேலை பார்த்த இளைஞர். அக்ரோபீரா என்ற ஆர்க்கிடின் பூவில் மகரந்தம் உள்ளே போக வழியே இல்லை, ஆகவே அது ஆண் பூவாகத்தான் இருக்க வேண்டும் என்று டார்வின் எழுதியிருந்தார். எங்கள் தோட்டத்தில் அது காய் பிடித்திருக்கிறதே ஐயா என்பதுதான் கடிதத்தின் சாரம்.

யாருடைய சிபாரிசும் இல்லை, பட்டமும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு காய். பெரிய மனிதர்களோடு பழக விரும்பி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் “தங்கள் நூல்களைப் படித்து வியந்தேன்” என்று தொடங்கி, “எனக்கு வழிகாட்ட வேண்டும்” என்று முடிப்பார்கள். பதில் வராவிட்டால் கோபமும் வரும். ஸ்காட் எதையும் கேட்கவில்லை, பூவைப் பற்றிப் பேசினார்.

டார்வின் கையோடு பதில் போட்டார். நன்றி சொன்னதோடு விடவில்லை, கூடவே வேலையும் கொடுத்தார்: இதைச் செய்து பாருங்கள், அதை எண்ணிப் பாருங்கள். அவர் வழக்கமே அதுதான். கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற கிராமத்தில், தீராத வயிற்றுக்கோளாறோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தவருக்குத் தபால்தான் ஆய்வுக்கூடம். 1840-இல் வந்த ஒரு பென்னி தபால்தலை அவருக்கு வாய்த்த பெரிய வரம். புறா வளர்ப்பவர், கோழி வளர்ப்பவர், பாதிரியார், தோட்டக்காரர் என்று சுமார் 2,000 பேரோடு கடிதத் தொடர்பு. அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று கிடைத்திருக்கின்றன. கேட்பதைத் துல்லியமாகக் கேட்பார், தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்பார். கிடைத்த தகவலை அச்சேற்றும்போது சொன்னவர் பெயரையும் சேர்த்துப் போடுவார். இந்தக் கடைசிப் பழக்கத்தைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். எத்தனை பேராசிரியர்களுக்கு இது வருகிறது?

ஸ்காட்டோடு கடிதங்கள் தொடர்ந்தன. பிரிமுலா பூக்களில் அவர் செய்த சோதனைகளைக் கட்டுரையாக எழுதச் சொல்லித் தூண்டியவர் டார்வின். 1864-இல் லண்டன் லின்னியன் சங்கத்தில் அது வாசிக்கப்பட்டது. அதற்குள் எடின்பரோவில் ஸ்காட்டுக்கும் மேலதிகாரிகளுக்கும் முட்டிக்கொண்டது. கொஞ்சம் ரோஷக்காரர். வேலையை விட்டுவிட்டு நின்றார்.

டார்வின் தன் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதினார். கியூ தாவரவியல் தோட்டத்தில் இருந்த ஹூக்கருக்கு இந்தியாவில் ஆள் பழக்கம் உண்டு. கப்பல் செலவை டார்வின் தன் பையிலிருந்தே கொடுத்தார். அந்த ஆண்டே ஸ்காட் இந்தியாவுக்குக் கப்பலேறினார்; அடுத்த ஆண்டு கல்கத்தா தாவரவியல் பூங்காவில் கியூரேட்டர். ஒரு காய் பற்றிய கடிதத்துக்குப் பின் மூன்றே ஆண்டு.

இதை வெறும் தர்மமாகப் பார்த்தால் ஸ்காட்டுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அன்றைய இங்கிலாந்தில் கனவான் ஒருவரும் தோட்டக்காரர் ஒருவரும் சரிசமமாக உட்கார்ந்து பேசுவது லேசில் நடக்காது. காகிதத்தில்தான் அது முடிந்தது. அங்கேயும் ஏற்றத்தாழ்வு முழுக்க மறைந்துவிடவில்லை. பணம் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர். ஆனால் பூவைப் பற்றிய பேச்சில் மட்டும் டார்வின் தவறு செய்தவர், ஸ்காட் திருத்தியவர். அந்த இடத்திலிருந்து தொடங்கியதால்தான் இந்த உறவு முதலாளி–வேலையாள் கணக்காகிவிடவில்லை.

கல்கத்தாவிலும் ஸ்காட் சும்மா இருக்கவில்லை. கோபம், வெட்கம், திகைப்பு வரும்போது முகம் எப்படி மாறுகிறது என்று 1867-இல் டார்வின் ஒரு கேள்விப் பட்டியலை அச்சிட்டுப் பல நாடுகளுக்கு அனுப்பினார். பூங்காவில் வேலை செய்த பல இன மக்களை ஸ்காட் நெடுநாள் கவனித்து விடை எழுதினார். தனக்கு வந்தவற்றில் இவ்வளவு விரிவான, பயனுள்ள தகவலை வேறு யாருமே அனுப்பவில்லை என்று 1872-இல் வந்த புத்தகத்தில் டார்வின் பெயர் சொல்லியே எழுதினார். வங்காளத்து மண்புழுக்கள் எச்சத்தை எப்படிக் குவிக்கின்றன என்ற ஆராய்ச்சியிலும் ஸ்காட்டுக்கு வேலை இருந்தது.