மன்னார் வளைகுடாவின் பவளப் பார்களில் புதிய பாசி

பாம்பன், மண்டபம் பெண்கள் அன்று கடலுக்குப் போனால் முக்கியமாகத் தேடியது மூன்று பாசிகளை. பாறையோடு ஒட்டி விறைப்பாக நிற்கும் மரிக்கொழுந்து, நூல்நூலாக ஆடும் கஞ்சிப்பாசி, இலையும் காற்றுக்குமிழுமாக வளரும் கட்டக்கோரை. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்குகிறவர்களுக்குத் தொட்டவுடனேயே எது எதென்று தெரிந்துவிடும்.

இன்று குருசடைத் தீவுப் பக்கம் நான்காவதாக ஒன்றும் இருக்கிறது: கப்பாபைகஸ். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் பெப்சி பாசி. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் கராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. தென்கிழக்காசியக் கடல்களைச் சேர்ந்த இதை 1984இல் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்த்தார்கள். 45 நாளில் அறுவடை, கையில் காசு. 2008இல் குருசடையின் மான்கொம்புப் பவளங்கள்மேல் இது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். பிறகு பக்கத்துத் தீவுகளான சிங்கிள், பூமரிச்சானிலும் தென்பட்டது. பவளத்தை மூடி வெயில் படாமல் செய்துவிடுவதால், அடியில் இருப்பது செத்துப்போகிறது.

அடையாளம் காண்பதில்தான் சிக்கல். இது சிவப்புப் பாசி இனம் என்றாலும் நிறத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். பச்சை, பழுப்பு, சிவப்பு மூன்றிலும் வரும். உருவத்தைப் பார்க்க வேண்டும். உருண்டையான, சதைப்பற்றுள்ள தண்டு. ஒழுங்கில்லாமல் பிரிந்து நுனியில் கூராகும் கிளைகள். தொட்டால் வழுவழுப்பு, வளைத்தால் சட்டென்று முறியும். கஞ்சிப்பாசி இதைவிட மிக மெல்லியது. மரிக்கொழுந்தோ கம்பிபோல் விறைப்பான குட்டைப் பாசி.

பாக் விரிகுடாப் பக்கம் மிதவைகளில் இது இன்றும் பல வீடுகளுக்குச் சோறு போடுகிறது. வலமாவூரில் 127.7 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவும் வருகிறது. வளர்ப்பே தப்பு என்று சொல்ல முடியாது. பவளம் இருக்கிற இடத்துக்கு அருகில் வளர்ப்பதுதான் தப்பு.

பவளப் பாருக்குள் இதைக் கண்டால் பிய்த்து எறியாதீர்கள். ஒடிந்த ஒவ்வொரு துண்டும் புதுப் பாசியாக வளரும். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.