டைனமோவும் சூரியப் படலும்: வீட்டு மின்னைத் தொடங்குவது எவ்வாறு?

மாணவர்களே, மின்காந்தத் தூண்டல் என்றதும் பரடேயின் பெயர்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அப்பாடத்தைப் பரிசோதனைச்சாலை இல்லாமலே செய்து பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரிதாகியது. ரோச் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. படிப்பதற்கு ஜாம் போத்தல் விளக்கு. வானொலிச் செய்தி கேட்பதற்கோ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து மின் எடுத்தார்கள். சுற்றுவது சின்னவர்களின் வேலை. செய்தி முடியுமுன் கை ஓய்ந்தால் ஏச்சு விழும் என்று என் அண்ணா இன்றும் சொல்வார்.

அங்கு நடந்தது என்ன? டைனமோவினுள் காந்தம் சுழலும்போது சுருளினூடான காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னியக்கவிசை தூண்டப்படுகிறது. சாதாரண டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவில் தரும். அது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே 4 இருவாயிகளைக் கொண்ட பாலச் சீராக்கி ஒன்றும், அலையை ஒப்பமாக்க ஒரு கொள்ளளவியும் தேவை. (இச்சுற்றை வரையப் பழகுங்கள். இருவாயியின் திசையைப் பிழையாக வரைந்து புள்ளியை இழப்பவர்கள் அதிகம்.)

கலைப் பட்டதாரிக்கு இங்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 2022 மார்ச் 31 இல் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த பிள்ளைகள் இணுவிலில் என் கொட்டிலில் இருட்டில் இருந்தார்கள். அன்றுதான் நான் விஞ்ஞானப் புத்தகத்தை மறுபடி திறந்தேன்.

முதலில் செய்ய வேண்டியது கணக்கு. கடைக்குப் போவது பிறகு. 5 வாற்று ஒளிகாலும் இருவாயி விளக்கு 4, மாலையில் 3 மணித்தியாலம் எரிந்தால் 60 வாற்று மணி. 15 வாற்று நேரோட்ட மின்விசிறி அதே நேரம் சுழன்றால் 45. தொலைபேசிக்கு மின்னேற்ற 15 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 வாற்று மணி.

இனிச் சூரியப் படல். கடைக்காரர் "சோலார் பனல்" என்பார். அதில் எழுதியுள்ள 50 வாற்று என்பது உச்ச வெயிலில் கிடைக்கும் வலு. நம் ஊரில் ஒரு நாள் வெயிலை ஏறத்தாழ 5 மணித்தியால உச்ச வெயிலுக்குச் சமமாகக் கொண்டால் 250 வாற்று மணி வரும். வெப்பம், தூசு, பற்றரியில் ஏற்படும் இழப்பு எல்லாவற்றையும் நினைத்து அதில் 60 வீதத்தையே, அதாவது 150 ஐயே நம்புங்கள். நம் தேவைக்கு அது போதும்.

பற்றரிதான் செலவும் கவலையும். 12 வோல்ற்று, 40 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி 480 வாற்று மணியைச் சேமிக்கும். ஆனால் அதில் அரைவாசிக்குமேல் அடிக்கடி எடுத்தால் அது விரைவில் பழுதாகும். மிச்சம் 240, இரண்டு இரவுக்குக் காணும். கார்த்திகை மழையில் மூன்றாம் நாளும் வெயில் வராவிட்டால் மின்விசிறியை நிறுத்த வேண்டியதுதான். படலுக்கும் பற்றரிக்கும் இடையில் மின்னேற்றக் கட்டுப்படுத்தி கட்டாயம். அது மிகையான மின்னேற்றத்தைத் தடுக்கும்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். படலைத் தென்னைக்கு அருகே பூட்டினேன். ஓர் ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தது. பாதிக்குமேல் வலு போயிற்று. படலிலுள்ள கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. தொடர்ச் சுற்றில் எங்கும் ஒரே மின்னோட்டம் என்பதால், நிழலில் உள்ள கலம் மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கிறது. இப்போது படல் கூரைக்குமேல், தெற்கு நோக்கி 10 பாகை சரிவில் இருக்கிறது. நாம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் இருப்பதே அதற்குக் காரணம். கூரைக்கும் படலுக்கும் இடையே காற்றுப் போக இடம் விட்டேன். சூடேறினால் வோல்ற்றளவு குறையும்.

காற்றை விட்டுவிடலாமா? சோளகம் வீசும்போது பலருக்கும் அந்த ஆசை வரும். காற்றின் வலு வேகத்தின் மும்மடிக்கு விகிதசமம் என்பதை மறக்க வேண்டாம். 1 மீற்றர் விட்டமுள்ள, வீட்டில் செய்த காற்றாடியிலிருந்து, திறன் 20 வீதம் எனக் கொண்டால், செக்கனுக்கு 4 மீற்றர் காற்றில் 6 வாற்று அளவே கிடைக்கும்; 8 மீற்றர் காற்றில் 48. பனையும் தென்னையும் மாவும் நிறைந்த இணுவில் வளவில் அந்த 8 மீற்றரை எங்கே தேடுவது? திறந்த வெளியான பளைப் பக்கம், புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014 இல் தலா 10 மெகாவாற்றுக் காற்றாலைகள் அமைந்தன. கடல் சூழ்ந்த எழுவைதீவில் சூரிய ஒளி, காற்று, டீசல், பற்றரி நான்கையும் சேர்த்த சிறு மின்தொகுதி அமைக்கப்பட்டது.

சைக்கிள் டைனமோவில் நேரே இறக்கை பூட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 66 சென்ரிமீற்றர் சில்லு, 2 சென்ரிமீற்றர் டைனமோத் தலையை ஒரு சுற்றுக்கு 33 தடவை சுழற்றுகிறது. இறக்கைக்கு அந்த வேகம் வராது; பட்டியும் கப்பியும் வேண்டும். விஞ்ஞானக் கண்காட்சிக்கு நல்ல செயற்றிட்டம், கொட்டிலுக்கு வெளிச்சம் தராது.

பற்றரியின் நேர்முனையை அடுத்து உருகி ஒன்று பூட்டுங்கள். குறுஞ்சுற்று ஏற்பட்டால் கம்பியே தீப்பற்றும். மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிவரும். பற்றரியைக் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தூரமாக வையுங்கள். இன்வேட்டரை ஒருபோதும் வீட்டின் 230 வோல்ற்று இணைப்பில் நீங்களாகப் பொருத்த வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் உங்கள் மின் வெளியே போய், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரை எடுத்துவிடும். வலையமைப்புடன் இணைக்க அனுமதியும் தகுதியுள்ள மின்னியலாளரும் தேவை.

பயிற்சி வினா: 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி பற்றரி ஒன்றின் அரைவாசியை மட்டும் பயன்படுத்தி, 3 வாற்று விளக்கை எத்தனை மணித்தியாலம் எரிக்கலாம்? (விடை: 14)