நுரை கற்றுத் தந்த பாடம்

வன்னியில் எங்கள் குசினிக்குச் சாம்பலும் பொச்சுத் தும்பும் போதும். 2009இல் கணவரை இழந்தேன். மெனிக்பாம் முகாமில் ஒரு வருடம் இருந்து ஊர் திரும்பியபோது வீட்டின் சுவர்கூட மிஞ்சவில்லை. இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடம் விட்டுவிட்டு, 2012இல் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போனேன்.

அந்த வீட்டில் பாத்திரம் கழுவும் மெசின் ஒன்று இருந்தது. முன்பு நான் அதைக் கண்டதே இல்லை. மூன்றாம் நாள் விருந்து முடிந்தபோது அதற்குரிய பவுடர் தீர்ந்துவிட்டது. கையால் கழுவும் திரவச் சவர்க்காரத்தை ஊற்றினேன். இரண்டும் கோப்பை கழுவத்தானே என்று நினைத்தேன். சற்று நேரத்தில் கதவின் கீழால் நுரை பொங்கி நிலமெல்லாம் பரவியது. மெசின் திருத்திய காசென்று பாதி மாதச் சம்பளத்தை வெட்டினார்கள். அது பிள்ளைகளின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் நான் கணக்குப் பார்த்து வைத்திருந்த காசு. மொழி தெரியாததால் விளக்கவும் முடியவில்லை.

பக்கத்து வீட்டில் வேலை செய்த மலையகத்து அக்கா ஒருவர்தான் பிறகு சொல்லித் தந்தார். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த மெசின் தேய்த்துக் கழுவுவதில்லை. சுழலும் குழாய்களிலிருந்து சுடுநீரை வேகமாகப் பீச்சியடித்துக் கழுவுகிறது. நுரைக்கும் சவர்க்காரத்தை ஊற்றினால் அந்த வேகத்தில் நுரை பெருகி வெளியே வரும். மெசினுக்குரிய பவுடர் நுரைக்காது. அதிலுள்ள காரமும் நொதியங்களும் எண்ணெய், மாப்பொருள், முட்டைக் கறைகளைக் கரைக்கும். ஆகவே உடுப்புத் தோய்க்கும் பவுடரையும் போடக்கூடாது. மெசின் பவுடர் தீர்ந்தால் கையால் கழுவுங்கள். அது நமக்குத் தெரிந்த தொழில்தானே!

வாங்கும்போது பெட்டியில் மெசினின் படம் உள்ளதா என்று பாருங்கள். வில்லையாக வருவது, ஒரு தடவைக்கு ஒன்று என்பதால் புதியவர்களுக்குச் சுலபம். பவுடரென்றால் அளந்து போட வேண்டும். ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். சுண்ணாம்புத் தண்ணீர் உள்ள இடங்களில் மெசினில் உப்புப் போட ஒரு குழி இருக்கும். அதற்கென விற்கும் உப்பையே போட வேண்டும். கறி உப்பு ஆகாது.

அலுமினியப் பாத்திரம் இதில் கறுத்துவிடும். மரக் கரண்டி வெடிக்கும். தங்கக் கரை போட்ட கோப்பைகளின் கரை மங்கும். இவற்றைக் கையாலேயே கழுவுங்கள்.

இந்த வில்லைகள் பார்வைக்கு இனிப்புப் போலிருக்கும். குழந்தை வாயில் வைத்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். எட்டாத உயரத்தில் வையுங்கள். தவறி வாயில் வைத்துவிட்டால் வாயைக் கழுவி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது.

நுரை பொங்கினால் பதறாதீர்கள். மெசினை நிறுத்தி, நிலத்தைத் துடைத்து, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

வெளிநாடு செல்ல எண்ணும் சகோதரிகளே, பயிற்சி வகுப்பில் மெசினை மட்டுமல்ல, அதற்குள் எதைப் போடுவதென்றும் கேளுங்கள். போன வீட்டிலும் முதல் நாளே சைகையாலாவது காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காததற்கு நான் கொடுத்த விலை பாதி மாத உழைப்பு.