சாக்குத் துணியில் ஒரு கொடி

நாட்டிற்குக் கொடி உண்டு. திருவிழாக் காணும் பங்கிற்கும் கொடி உண்டு. 'நாங்கள் இன்னார்' என்று அத்துணி சொல்லாமற் சொல்கிறது. ஆனால், தனி மனிதனுக்குக் கொடி உண்டோ? அதிலும், பெயரே இல்லாதவனாக்கப்பட்ட ஏழைக்கு உண்டோ? இவ்வினாவிற்குத் தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டு அன்னையர் ஊசியும் நூலும் கொண்டு விடையளித்தனர்.

1973 செப்டம்பர் 11-ஆம் நாள் அந்நாட்டின் ஆட்சியை இராணுவம் கைப்பற்றிற்று. 1990 வரை நீடித்த அவ்வாட்சியில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், அல்லது காணாமற் போயினர். பிடித்துச் செல்லப்பட்ட மகனைத் தேடி அலைந்த தாய்மார் பலருக்கு, 'அப்படி ஒருவரை நாங்கள் அறியோம்' என்பதே விடையாகக் கிடைத்தது. மகனை இழந்தது ஒரு துயரம்; அவன் இருந்தான் என்பதையே மறுக்கக் கேட்பது அதனினும் பெருந்துயரம் அன்றோ?

சாந்தியாகோ பேராயர் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கஸ், துன்புற்றோருக்கென 1976-இல் தோழமைப் பணியகம் ஒன்றை நிறுவினார். வழக்கறிஞர்கள் அவர்களுக்காக நீதிமன்றம் ஏறினர். பணியகத்தின் ஆதரவில் பெண்கள் குழுக்களாகக் கூடித் துணிச் சித்திரங்கள் தைத்தனர். இவற்றிற்கு 'அர்ப்பியேரா' என்று பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் சாக்குத் துணி என்பதே பொருள்.

செய்முறை எளியது. அடியில் சாக்குத் துணி. அதன்மேல் கந்தல் துண்டுகளை வெட்டி வைத்துத் தைப்பார்கள். பின்னணியில் ஆண்டிஸ் மலை, மேலே கதிரவன், கீழே சிறு வீடுகள், பலரும் பகிர்ந்துண்ணும் பொது அடுக்களை, சிறு பொம்மைகளாய் மனிதர்கள். சில சித்திரங்களில், 'எங்கே அவர்கள்?' என்று கேட்டு நிற்கும் பெண்கள். காணாமற் போனவரின் சட்டைத் துண்டையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு. அவன் உடுத்திய துணியே அவன் வாழ்ந்ததற்குச் சாட்சியாயிற்று. பணியகத்தின் வழியாக இவை அயல்நாடுகளில் விற்பனையாயின. அவ்வருவாய் வீட்டில் அடுப்பெரியச் செய்தது. சித்திரமோ அரசு மறைத்ததை உலகிற்குச் சொல்லிற்று. அது கம்பத்தில் ஏறவில்லை. எனினும் அதனைக் கொடி என்றே நாம் சொல்வோம்.

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளை விதவைகள் அழுதுகொண்டே புனித இராயப்பரிடம் காட்டினார்கள் அல்லவா? அவள் யார் என்பதை உரைக்க அவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அன்பான குடும்பத்தாரே, நம் வீட்டுப் பெட்டிகளின் அடியிலும் இத்தகைய துணிகள் உறங்குகின்றன. தாத்தாவின் வேட்டி, பாட்டியின் சேலைத் தலைப்பு, குழந்தையின் ஞானஸ்நான உடை, வயலுக்குச் சென்ற தந்தையின் தலைத்துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் எடுத்து, ஒரு முழம் கெட்டித் துணியில் சேர்த்துத் தையுங்கள். நிறம் பொருந்தாவிட்டாலும், தையல் கோணினாலும் குற்றமில்லை. பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு துண்டும் யாருடையது, அவர் என்ன பாடுபட்டார் என்று சொல்லிக்கொண்டே தையுங்கள். பிரிந்து போனவரின் பெயரையும், சண்டையிட்டு விலகியவரின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

அவரவர் வீட்டில் ஒருவருடைய பெயரும் மறக்கப்படாதிருக்கட்டும்.