7,800 கிலோமீட்டர், 13 மணி நேரம்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை ஃபின்ஏர் விமானம் இதை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் கடந்தது. இப்போது சுமார் 13 மணி நேரம் ஆகிறது. பறப்பது அன்றைக்கும் இன்றைக்கும் அதே ஏர்பஸ் ஏ350தான்.

அந்த 7,800 எப்படி வருகிறது? சுவரில் மாட்டிய உலகப் படத்தில் இரு ஊர்களையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், கோடு மங்கோலியா, வட சீனா பக்கமாகப் போகும். பூமி உருண்டை என்பதால் குறுக்குவழி அதுவல்ல. உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது வடக்கே ஏறி சைபீரியாவின் மேல் போகும். இணையத்தில் தேடினால் கிடைக்கும் தொலைவும் இந்தப் பெருவட்டப் பாதையின் நீளம்தான். பாதைக்குக் கீழே இருப்பது யாருடைய நாடு, அது வழிவிடுமா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

இந்தப் பாதையின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் போகிறது. உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. 2022 பிப்ரவரி 28 அன்று ரஷ்யாவும் 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி என்று சொல்லியே வளர்ந்த ஃபின்ஏருக்கு இது பேரிடி. மார்ச் 9 அன்று டோக்கியோ சேவையை அது மீண்டும் தொடங்கியபோது, விமானம் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்கான சான்றிதழும் தந்தார்கள்.

துருவ வழி புதிதல்ல. சோவியத் வான்வெளி அடைபட்டிருந்த காலத்தில், 1957இலேயே ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி டோக்கியோ போனது. 1983 ஏப்ரலில் ஃபின்ஏரின் டிசி-10 எங்கும் இறங்காமல் துருவம் வழியாக டோக்கியோவை அடைந்தது. அன்றும் ஏறக்குறைய 13 மணி நேரம். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் புறப்பட்ட கொரிய விமானம் வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். மூடிய வானைச் சுற்றிப் போவதை நேர விரயமாக மட்டும் பார்க்க என்னால் முடியாததற்கு இதுவே காரணம்.

இன்று சுற்றுவழிகள் இரண்டு. ஒன்று துருவ வழி. மற்றது தெற்கே இறங்கி துருக்கி, மத்திய ஆசியா, சீனா, கொரியா வழியாகப் போவது. எந்த வழி என்பதில் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜப்பானுக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது; குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். (1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தவர் ஜப்பானியரான வசாபுரோ ஓய்ஷி.) அதனால் டோக்கியோவுக்குப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும் தெற்கு வழியும், திரும்பும்போது எதிர்காற்றைத் தவிர்க்கும் துருவ வழியும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

கூடுதல் மூன்றரை மணி நேரம் என்றால் அத்தனை நேரத்துக்கும் எரிபொருள், ஊழியர் சம்பளம், புகை. தடை இல்லாத சீன விமானங்களோ ஐரோப்பாவுக்கு இன்னும் ரஷ்யாவின் மேல்தான் பறக்கின்றன.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளியை மூடியபின் டெல்லி–லண்டன் பயணம் நீண்டது. அமெரிக்கா செல்லும் சில ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று.